சாவனதுர்கா மலையேற்றம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

ஜனவரி 24, சனிக்கிழமையன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை கர்நாடகத்தில் மாகடி பக்கத்திலுள்ள சாவனதுர்கா மலைக்கு அழைத்துச் செல்கிறோம். ஒப்புதல் படிவம் போன வாரமே வீட்டுக்கு வந்திருக்கும். பையன்களின் படிவங்கள் அநேகமாக எல்லாமே கையெழுத்தாகித் திரும்பிவிட்டன. பெண் பிள்ளைகளின் படிவங்களில் பாதிக்கு மேல் இன்னும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பள்ளி வாசலில் பார்க்கிறபோது பலரும் கேட்டது, "மேடம், அது செங்குத்தான பாறையாமே?" என்பதுதான். ஆமாம், மறைக்க ஒன்றுமில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர் உயரம். படிக்கட்டு கிடையாது, கைப்பிடிக் கம்பி கிடையாது. அடிவாரக் கோயிலைத் தாண்டினால் புதர்க்காடு. அப்புறம் வெறும் பாறைச் சரிவு, இடிந்த கோட்டைச் சுவர், மறுபடியும் பாறை. உச்சியில் ஒரு நந்தி மண்டபம். சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும்.

அதில் எப்படி ஏற முடிகிறது, எப்போது ஏறக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மலை கிரானைட் கல். அதில் குவார்ட்ஸ், பெல்ஸ்பார் என்ற கனிமங்கள் மணி மணியாகப் புடைத்து நிற்கும். சில மணிகள் விரல் நகத்தைவிடப் பெரிது. பாறை காய்ந்திருந்தால் ரப்பர் அடி ஷூ அந்தச் சொரசொரப்பைக் கவ்விக்கொள்ளும். மழைத் தண்ணீர் வழிந்த தடத்தில் மட்டும் பாசி படிந்து கறுப்புக் கோடு கோடாகத் தெரியும். ஈரம் பட்டால் அந்தக் கோட்டில் யாருக்கும் கால் நிற்காது. அங்கே உயிர்போன விபத்துகளும் நடந்திருக்கின்றன. ஆகவே முந்தின இரவோ அன்று காலையோ ஒரு தூறல் விழுந்தாலும் ஏற மாட்டோம். கோயிலைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம்.

ஏழரைக்கு ஏறத் தொடங்குவோம். பத்தரைக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தே இறக்கம், மண்டபம் கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் சரி. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும், தண்ணீர் தீரும். களைத்த காலோடு இறங்கும்போதுதான் சறுக்கும். எல்லாரிலும் மெதுவாக நடக்கிற பிள்ளைதான் முன்னால் நடக்கும், மற்றவர்கள் அதன் வேகத்துக்கே வருவார்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: ராத்திரி வீட்டுக்கு வந்ததும் "உச்சி வரைக்கும் போனியா?" என்று முதலில் கேட்காதீர்கள். பாதியில் திரும்பிய பிள்ளை, அதை அவமானமாக நினைத்துக்கொண்டு அடுத்த தடவை வீம்புக்கு ஏறும். எனக்குப் பயம் அதில்தான்.

நம் பெற்றோரில் பலர் கிரானைட் குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் வேலை பார்க்கிறீர்கள். லாரியில் போகும் பிளாக்காகவும் சமையல் மேடைப் பலகையாகவும் மட்டுமே உங்கள் பிள்ளைகள் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறார்கள். சாவனதுர்காவின் கல் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் குழம்பாக இருந்து மெல்ல ஆறி இறுகியது. குளோஸ்பேட் கிரானைட் என்பார்கள். கர்நாடகத்தில் வடக்கு தெற்காகச் சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. மேலே மூடியிருந்த பாறையெல்லாம் அரித்துப் போனதும் பாரம் குறைந்து, உள்ளேயிருந்த கல் விரிந்து, வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரிகிறது. மலை உருண்டு திரண்டு நிற்பது அதனால்தான். தீப்பாறைப் பாடத்தை நான் எத்தனை முறை நடத்தினாலும், அந்த உரிந்த ஏட்டின் விளிம்பில் பிள்ளைகள் கை வைத்துப் பார்ப்பதற்கு ஈடாகாது. கல் வேலை தெரிந்த அப்பாக்கள், மாமாக்கள் இரண்டு பேர் கூட வந்தால் மிகவும் மகிழ்வேன். உளி எந்தப் பக்கம் வைத்தால் கல் பிளக்கும் என்று எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

வரலாறும் உண்டு. 1791 டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை திப்பு சுல்தானிடமிருந்து சாவனதுர்கா கோட்டையைப் பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில் நம் ஓசூரும் அவர்கள் கைக்குப் போயிருந்தது.

இனி பெண் பிள்ளைகள் விஷயம். "வயசுக்கு வந்த பொண்ணு, மலையெல்லாம் எதுக்கு?" என்று ஒரு அம்மா கேட்டார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தண்ணீர்க் குடத்தோடு மேட்டுத் தெருவில் ஏறி இறங்குகிற பெண்ணுக்கு இந்தப் பாறை பெரிதல்ல. நானும் மூன்று ஆசிரியைகளும் கூடவே ஏறுகிறோம். துப்பட்டா வேண்டாம், பேன்ட் போடட்டும். மாதவிலக்கு நாளாக இருந்தால் ஏறுவதா, அடிவாரத்தில் ஆசிரியையோடு இருப்பதா என்பது அவள் விருப்பம். காரணம் கேட்க மாட்டோம். மலையில் கழிப்பறை இல்லை, அடிவாரத்திலேயே போய்விட்டு வரச் சொல்வோம். தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

ஒவ்வொருவரும் இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, சப்பாத்தி அல்லது புளிசாதம், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு கொண்டுவர வேண்டும். சென்ட், வாசனை எண்ணெய் கூடாது. பாறையிடுக்குகளில் மலைத்தேனீ கூடு கட்டும். தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் குரங்கு பறிக்கும்.

பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூவும் செருப்பும் உதவாது. 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு மைதானத்தில் ஒவ்வொருவர் ஷூவின் அடியையும் பார்ப்போம். இல்லாதவர்களுக்குப் பள்ளியே வாங்கித் தரும். அதற்காகப் பெயர் கொடுக்காமல் இருக்க வேண்டாம். படிவம் 19ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, காதுவலி, எதுவானாலும் பின்பக்கத்தில் எழுதுங்கள். பஸ் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்படும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்