மழைக்குப் படம் உடைவது ஜெராய் மலையின் குற்றமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் தொடங்கினால் வாசகர் பகுதிக்கு ஒரு புகார் தவறாமல் வந்துவிடும். டிவி2 தமிழ்ச் செய்தி பாதியில் கட்டம் கட்டமாக உடைகிறது, கெடாவின் ஜெராய் மலையிலுள்ள ஒளிபரப்புக் கோபுரத்தின் சக்தியைக் கூட்ட வேண்டும் என்பதுதான் அது. படம் உடைவது உண்மை. கோபுரத்தின் மேல் போடும் பழிதான் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்துப் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தாது.

இந்தப் பழி அஸ்ட்ரோ என்ற செயற்கைக்கோள் டிவியின் பழக்கத்தில் வருவது. அஸ்ட்ரோ தட்டுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனமழை அதை விழுங்கிவிடும். கோபுரத்திலிருந்து இலவசமாக வரும் டிஜிட்டல் ஒளிபரப்பான மைஃப்ரீவியூ வருவது யுஎச்எஃப் அலையில், 470-க்கும் 694-க்கும் இடைப்பட்ட மெகாஹெர்ட்ஸில். இதன் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர். மழைத்துளி இதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஜெராயின் 1,217 மீட்டர் உச்சி பல நாள் மேகத்துக்குள்தான் கிடக்கிறது, அப்போதும் படம் ஓடுகிறது. ஆகவே மழைக்கு டிஜிட்டல் படம் உடைந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஏரியலிலிருந்து டிகோடர் பெட்டி வரை எங்கோ தண்ணீர் இறங்கியிருக்கிறது, அல்லது ஏரியலுக்கு எதிரே நிற்கும் மரம் நனைந்திருக்கிறது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் இரண்டாவது சகஜம். காய்ந்த மட்டை வழியாக எப்படியோ நுழைந்து வரும் அலை, நனைந்த மட்டையில் நின்றுவிடும். அதற்கு ஏரியலை இரண்டு மீட்டர் உயர்த்துவது, அல்லது இரண்டு மரத்துக்கு நடுவே இடைவெளி தெரியும் கூரை மூலைக்கு மாற்றுவது ஒன்றே வழி.

தண்ணீர் இறங்குவதுதான் அதிகம். ஏரியலின் நடுவில் வயர் பூட்டும் சிறு பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூடி வெடித்திருக்கும், உள்ளே எறும்புக் கூடு, திருகாணியில் பச்சைக் களிம்பு. அதிலிருந்து வெளிவரும் வயரின் மேலுறையைக் கத்தியால் கீறினால், வெள்ளியாய் மின்ன வேண்டிய கம்பிப் பின்னல் கறுத்திருக்கும். பின்னல் விளக்குத் திரி மாதிரி, தண்ணீரை உறிஞ்சிக் கீழே கொண்டுபோகும். நுனியை மட்டும் அரை அடி வெட்டிவிட்டு மறுபடி பூட்டுவதில் பயன் இல்லை. கறுப்பு எதுவரை போயிருக்கிறதோ அதுவரை வெட்ட வேண்டும். நாலைந்து மீட்டருக்கு மேல் போயிருந்தால் வயரையே மாற்றிவிடுவது நல்லது.

புதிய வயரைப் பூட்டும்போது மேலுறையையும் பின்னலையும் ஒதுக்கி, நடுக்கம்பி, வயர் நுனியில் மாட்டும் எஃப் கனெக்டரின் விளிம்புக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டினால் போதும். பின்னலின் ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டால் சிக்னல் செத்துப்போகும். பிறகு தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். சாதாரணக் கறுப்பு பிவிசி டேப் நம் வெயிலில் ஓராண்டுக்குள் பிசினாகி உரிந்துவிடும். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்து மேலேற்றுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப்போகும், சுவருக்குள் வராது.

பக்கத்து வீட்டில் நன்றாக ஓடுகிறதே, எனக்கு மட்டும் ஏன் என்று கேட்பவர்களும் உண்டு. பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 ஜூலையில் லங்காவியில் தொடங்கி அக்டோபர் 31-க்குள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அதில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி கூடும், அவ்வளவுதான். இப்போதைய டிஜிட்டல் முறையான டிவிபி-டி2 அப்படி இல்லை. பிழையைத் தானே திருத்திக்கொண்டு கடைசி வரை பளிச்சென்று காட்டும், எல்லை தாண்டினால் ஒரேயடியாக விழும். சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளப்பது டெசிபலில். பக்கத்து வீட்டில் அந்த எல்லைக்கு மேல் 10 டெசிபல் கையிருப்பு இருக்கலாம், உங்களிடம் 2 மட்டுமே இருக்கலாம். வெயிலில் இரண்டு படமும் ஒன்று போலத்தான் தெரியும். நனைந்த ஒரு கனெக்டர் 3 டெசிபல் தின்னும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கோபுரத்தின் சக்தியை இரட்டிப்பாக்கு என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். இரட்டிப்பாக்கினால் உங்கள் ஏரியலுக்குக் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. பழைய வீடுகளில் கிடக்கும் 3சி-2வி என்ற மெல்லிய வயர் 20 மீட்டர் ஓடினால், 600 மெகாஹெர்ட்ஸில் ஆறேழு டெசிபல் போய்விடும். அதே நீளத்துக்கு ஆர்ஜி-6 என்ற தடித்த வயர் போட்டால் மூன்றரை டெசிபல்தான் போகும். சில பத்து ரிங்கிட் வயர், மலை உச்சியில் பல லட்சம் செலவில் செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறது. அறைக்கு ஒரு டிவி என்று பிரிப்பானைப் போடும் வீடுகளில் இன்னும் மோசம். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு வழியிலும் மூன்றரை முதல் நான்கு டெசிபல் குறையும், நான்காகப் பிரித்தால் ஏழெட்டு. யாரும் பார்க்காத அறைக்கும் சேர்த்துப் பிரித்துவிட்டு, வரவேற்பறையில் படம் உடைகிறது என்று புலம்புவது நாமே கட்டிக்கொள்ளும் வரி.

கூரையில் இருக்கும் ஏரியல் எந்தக் காலத்தது என்றும் பார்க்க வேண்டும். யுஎச்எஃப்பைவிட நீளமான அலையில் ஓடிய விஎச்எஃப் காலத்து ஏரியலின் குறுக்குக் கம்பிகள் முக்கால் மீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல். யுஎச்எஃப் ஏரியலின் கம்பிகள் சுமார் 25 சென்டிமீட்டர், பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் அளவு. பழையதிலேயே வயரைப் பூட்டி வேலை முடிந்தது என்று போன வீடுகள் இன்னமும் இருக்கின்றன. மலைக்கு அருகில் அதுவும் ஒருவாறு ஓடும், கூலிமில் ஓடாது. பழைய ஏரியலில் தட்டையான ரிப்பன் வயர் இருந்தால் அதையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள்.

திசைக்குக் கைப்பேசியின் காம்பஸ் போதும். சுங்கைப்பட்டாணியிலிருந்து ஜெராய் உச்சி வடக்கிலிருந்து கொஞ்சம் மேற்கே சாய்ந்து, 17 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. கூலிமுக்கும் ஏறக்குறைய அதே திசைதான், தூரம் 50 கிலோமீட்டர். அலோர்ஸ்டாரில் இருப்பவர் தெற்கே, ஒரு சாண் கிழக்காகத் திருப்ப வேண்டும். குறுக்குக் கம்பிகள் படுத்திருக்க வேண்டுமா நின்றிருக்க வேண்டுமா என்பதை உங்கள் வரிசையில் ஒழுங்காக ஓடும் வீட்டின் ஏரியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதை மாற்றிப் பிடித்தால் பத்து டெசிபலுக்கு மேல் இழப்பு.

தூரத்தைப் பற்றிய பயம் தேவையில்லாதது. 1,200 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், தடுப்பு ஏதும் இல்லாத சமவெளியில் வானொலி அலையின் தொடுவானம் 140 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். தடுப்புதான் பிரச்சினை. பாலிங், சிக் பக்கம் குன்றுகள் குறுக்கே நிற்பதால், கிட்டத்தில் இருந்தும் உச்சி தெரியாத கிராமங்கள் உண்டு. அங்கே பள்ளத்திலிருக்கும் வீட்டில் ஏரியலை எவ்வளவு உயர்த்தினாலும் பலன் குறைவு. பத்து இருபது மீட்டர் தள்ளி மேட்டில் ஒரு கம்பம் நட்டு, நல்ல வயரில் கீழே இறக்கலாம்.

தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வேறொரு சங்கடம். ஓட்டுக்கு அடியில் வெயிலுக்காக அலுமினியத் தாள் விரித்திருப்பார்கள். அந்தத் தாளும் சரி, சின்க் தகரக் கூரையும் சரி, அலைக்குச் சுவர். ஏரியலைக் கூரைக்கு உள்ளே மறைத்து வைத்தால் எதுவும் கிடைக்காது. சின்க் கூரைக்கு மேல் வைப்பதானாலும் ஒரு மீட்டராவது உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நேராக வரும் அலையும் கூரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு கட்டுச் சேனல்கள் எல்லாம் தெளிவாகவும் இன்னொரு கட்டு முழுவதும் காணாமலும் போனால் முதல் சந்தேகம் இதில்தான் இருக்க வேண்டும். பல சேனல்கள் சேர்ந்து ஒரே அலைவரிசையில் கட்டாக வருகின்றன, அந்த ஓர் அலைவரிசைக்கு மட்டும் அந்த இடம் குழி. ஏரியலை அரை மீட்டர் மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தினால் திரும்பி வரும்.

இனி சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். ஹார்ட்வேர் கடையில் முதலில் கையில் திணிக்கப்படுவது அதுதான், கடைசியில் வாங்க வேண்டியதும் அதுதான். வயரில் தேய்ந்து இரைச்சலோடு வந்து சேர்ந்த சிக்னலை டிவிக்குப் பின்னால் வைத்துப் பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகும். பூஸ்டர் வேண்டுமானால் ஏரியல் கம்பத்திலேயே, வயர் தொடங்குமுன் இருக்க வேண்டும். அதற்கான 12 வோல்ட் மின்சாரம் அதே வயரில் மேலே போகும். வழியில் மின்சாரத்தைக் கடத்தாத பிரிப்பான் இருந்தால் பூஸ்டர் உயிரே பெறாது. பூஸ்டர் பழுது என்று கழற்றி வீசப்படுபவற்றில் நல்லவை பல. இன்னொன்று, 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இப்போது 5ஜி ஓடுகிறது. 862 வரை பெருக்கும் பழைய பூஸ்டர் பக்கத்துக் கைப்பேசிக் கோபுரத்தையும் சேர்த்துப் பெருக்கித் திணறும். 694-இல் வெட்டும் ஃபில்டரை ஏரியலுக்கும் பூஸ்டருக்கும் நடுவே போட வேண்டும். பூஸ்டருக்குப் பிறகு போட்டால் காரியம் கெட்ட பிறகு காவல் வைப்பது போல. குருண், பீடோங் போல மலையடியில் இருப்பவர்களுக்குப் பூஸ்டர் பேச்சே வேண்டாம். சிக்னல் மிகுந்தாலும் படம் உடையும்.

மிகுதியா குறைவா என்பதை டிகோடர் மெனுவே சொல்லும். பலம், தரம் என இரண்டு கோடுகள் இருக்கும். பலம் 40, தரம் 100 என்றால் கை வைக்காதீர்கள். பலம் 95, தரம் 30 என்றால் சிக்னல் மிகுதி, தெறிப்பு, அல்லது வெளி இடைஞ்சல். எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் பெட்டியை அண்ணன் வீட்டுப் பெட்டியோடு ஒப்பிடாதீர்கள். அதே மெனுவில் ஏரியலுக்கு 5 வோல்ட் அனுப்பும் விருப்பம் ஒன்று உண்டு. பூஸ்டர் உள்ளேயே அமைந்த சிறிய ஏரியலுக்குத்தான் அது தேவை. சாதாரணக் கூரை ஏரியலில் அதை இயக்கினால் சில பெட்டிகள் ஷார்ட் என்று எச்சரிக்கும், சில பேசாமல் நின்றுவிடும். மழையில் படம் உடையும்போது ரிமோட்டை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்வதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு. அந்த நேரத்தில் கிடைக்காத சேனல்கள் பட்டியலிலிருந்து அழிந்துவிடும். மழை விட்ட பிறகும் டிவி2 வராது, பழி மறுபடி மலை மேல்.

ஜோகூர்பாருவில் இருப்பவர்கள் சிங்கப்பூரின் வசந்தம் சேனலுக்கும் சேர்த்து ஆசைப்படுவது இயல்பு, அங்கும் டிவிபி-டி2தான். மலேசிய ஒளிபரப்பு வரும் புலாய் மலை வடமேற்கே, சிங்கப்பூர் ஒளிபரப்பு வரும் புக்கிட் பாத்தோக் தெற்கே. ஒரே ஏரியலை நடுவில் திருப்பினால் இரண்டும் அரைகுறை. இரண்டு ஏரியலைப் பிரிப்பானைத் தலைகீழாக வைத்துச் சேர்த்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். ஒரு சுவிட்ச் வைத்து மாற்றிக்கொள்வதே நிம்மதி.

இரும்புக் கம்பத்தை 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால் நிலத்தில் எர்த் செய்யாமல் விடாதீர்கள். இடி இடிக்கும்போது ஏரியல் வயரையும் மின் பிளக்கையும் கழற்றி வையுங்கள். டிஎன்பி மின்கம்பிக்கு அருகில் கம்பத்தைத் தூக்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், மழை இல்லாத நாளில் டிகோடரையும் ஒரு சின்ன டிவியையும் ஏணி வரை கொண்டுபோய், புதிய ஒரு மீட்டர் வயரால் ஏரியலோடு நேராகப் பூட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் கோளாறு உங்கள் சுவருக்குள். அங்கேயும் தரம் ஏறவில்லை, ஏரியல் புதிது, மலை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் உங்கள் புகார் நியாயமானது, எழுதி அனுப்புங்கள். ‘படம் வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தாமானின் பெயர், ஏரியல் காட்டும் திசை, தரையிலிருந்து உயரம், வயரின் வகையும் நீளமும், டிவி2-இலும் டிவி3-இலும் தனித்தனியாக எடுத்த பலமும் தரமும், எடுத்த நாளும் நேரமும். ஒரே வரிசையில் மூன்று வீட்டுக்காரர்கள் இந்த எண்களைச் சேர்த்து எழுதினால் தொழில்நுட்பர்களுக்கு எங்கே தேடுவது என்று தெரியும்.

இவண்,
ஏரியல் பொருத்துநர்,
சுங்கைப்பட்டாணி, கெடா.