உப்புக் காற்றும் டெலஸ்கோப் ஏணியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ராமேஸ்வரம் போகிற வழியில் கடலோரத்தில் இருக்கும் மண்டபம் ஊரில் டிஷ், சிசிடிவி கேமரா மாட்டும் வேலை செய்கிறேன். இப்போது எங்கள் பக்கம் பெயின்டர், ஏசி மெக்கானிக், வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் என்று எல்லோரும் டெலஸ்கோப் ஏணி வாங்குகிறார்கள். பன்னிரண்டரை அடி ஏணி இரண்டே முக்கால் அடியாகச் சுருங்கி டூவீலரில் போய்விடுகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அதை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று விற்கிறவர்கள் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கேமரா மாட்ட ஏறினேன். ஐந்தாவது படியில் கால் வைத்ததும் ஏணி ஒரு பக்கம் சரிந்து, மறுபக்கம் குழாயைப் பூட்டிப் பிடிக்கிற பின்னும் (pin) நழுவி, மேல் பாதி அப்படியே ஒரு படி உயரத்துக்கு இறங்கிவிட்டது. வலது கை சன்ஷேடைப் பிடித்ததால் விழவில்லை; இடது கையில் இரண்டு விரல் படிகளுக்கு நடுவே நசுங்கி நகம் போனது.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பின் வந்து உட்கார வேண்டிய ஓட்டையில் வெள்ளையாகப் பொடி கட்டியிருக்கிறது, அதில் மணலும் ஒட்டியிருக்கிறது. அலுமினியம்தானே, துரு பிடிக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். துரு பிடிக்காதுதான், ஆனால் உப்புக் காற்றில் அதுவும் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இரும்பு என்றால் அது துருப்பிடித்து இறுகிவிடும். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கே ஓயாமல் பெயின்ட் அடித்துக் காப்பாற்ற வேண்டியிருந்த ஊர் இது.

நான் செய்த தப்பு, பின் சிக்கும்போதெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டது. எண்ணெய் பட்ட இடத்தில் மணல் வந்து அப்பிக்கொள்கிறது. இப்போது வாரம் ஒரு முறை ஏணியை முழுக்க இழுத்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒவ்வொரு குழாயையும் துடைத்து, நிழலில் காயவிட்டுத்தான் மடக்குகிறேன். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் அதை வைத்துத் துடைத்தால் உப்பின் மேல் உப்பு ஏற்றுகிற கதைதான், ஒரு சொம்பு குடிதண்ணீர் போதும். குழாய் இறுக்கமாக ஓடினால் துணியில் சிலிக்கான் ஸ்பிரே அடித்துத் தடவலாம், படியில் மட்டும் படக்கூடாது, வழுக்கிவிடும்.

ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு படியிலும் 'டிக்' சத்தம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். சத்தத்தை மட்டும் நம்பாமல் பின் ஓட்டையில் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள். 12 அடி உயரத்தில் சாய்த்தால் அடிப்பக்கம் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். நம் ஊர் மணல் தரையில் ஒரு கால் மட்டும் புதையும், அதனால் கீழே அகலமான பலகை போட்டு, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். ஏணியில் நிற்கிற ஆளுக்கு அதில் பாதிக் காற்றே ஆபத்து, கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற நாளில் வேலையைத் தள்ளிப் போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கரண்ட் கம்பி போகிற பக்கம் அலுமினிய ஏணியை எடுக்கவே எடுக்காதீர்கள். அப்புறம், மடக்கும்போது கை பக்கவாட்டுக் குழாயில்தான் இருக்க வேண்டும், படிகளுக்கு நடுவே விரல் போகவே கூடாது.

அந்தப் பழைய ஏணியைக் காயலான் கடையில் போடப் போனேன். கடைக்காரர் தேய்த்துக் கழுவி முழுசாக யாருக்காவது விற்றுவிடுவார் என்று தோன்றியது. வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து, ஆக்ஸா பிளேடால் நான்கு துண்டாக அறுத்த பிறகுதான் எடைக்குப் போட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மண்டபம்