குறுங்கதைப் போட்டி நடத்தும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பெரிய பரிசோ விளம்பரமோ இல்லாமல், எழுதுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையில் குறுங்கதைப் போட்டி நடத்துகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். 100 வார்த்தையில் கதை, 55 வார்த்தையில் கதை, ஒரு படத்தைக் கொடுத்து அதற்கொரு கதை, முதல் வரியைக் கொடுத்து மீதியை எழுதச் சொல்வது என்று நீங்கள் எதை வைத்தாலும் ஓடி வந்து கலந்துகொள்கிறவர்களில் நானும் ஒருத்தி. இந்தப் போட்டிகள் தொடர்ந்து நடக்க வேண்டும். அதனால்தான் ஒரு கோரிக்கை வைக்கிறேன். போட்டிக்கு வரும் ஒவ்வொரு கதையையும் குறைந்தது மூன்று பேராவது படித்து, ஆளுக்கு இரண்டு வரி எழுதித் தருகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். அதற்காகப் பரிசையே எடுத்துவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

இப்போது பெரும்பாலும் என்ன நடக்கிறது? தலைப்பு வரும், கடைசித் தேதி வரும், எல்லோரும் ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்டி அனுப்புவோம், அப்புறம் ஒரு நாள் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என்று மூன்று பெயர் வரும். அவ்வளவுதான். மற்றவர்களின் கதையை யாராவது முழுதாகப் படித்தார்களா, படித்தவருக்குப் புரிந்ததா, எந்த இடத்தில் கைவிட்டார் என்று ஒன்றும் தெரியாது. முதல் தடவை எழுதியவர் இந்த மௌனத்தை 'உனக்கு எழுத வராது' என்ற தீர்ப்பாகத்தான் எடுத்துக்கொள்வார். நடுவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார், ஒருவேளை அந்தக் கதை நாலாவது இடத்தில்கூட இருந்திருக்கும், ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்?

நாவல் போட்டி நடத்துகிறவர்களிடம் போய் இதை நான் கேட்க மாட்டேன். கேட்டால் பாவம், அவர்களால் முடியாது. குறுங்கதையில் முடியும். 30 பேர் ஆளுக்கு 100 வார்த்தை எழுதினால் மொத்தமே 3,000 வார்த்தை, நடுத்தர நீளமுள்ள ஒரு சிறுகதை அளவு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் படித்துவிடலாம். இவ்வளவு சுலபமாகக் கலந்துகொண்ட எல்லோரும் எல்லோரையும் படிக்கக்கூடிய வேறு இலக்கிய வடிவம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் மூன்று பெயரோடு முடித்துக்கொள்வதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இரண்டு வரி என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்காக ஓர் உதாரணம். ஒரு கதை இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரியவர் பேருந்தில் ஏறுகிறார், 'ரெண்டு டிக்கெட்' என்கிறார், ஜன்னலோர இருக்கையைக் காலியாக விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்கிறார், நிற்கிற ஒருவர் 'யாராவது வர்றாங்களா?' என்று கேட்க, இவர் கையிலிருக்கும் இரண்டாவது டிக்கெட்டைக் காட்டுகிறார். அதற்குப் பிறகு கடைசி வரி: 'அவர் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.' படித்தவர் ஒருவர், 'கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன், டிக்கெட்டைக் காட்டும் இடத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது' என்று எழுதுகிறார். அந்த ஒரு வாக்கியத்தில் எழுதியவருக்குக் கிடைக்கும் பாடம், வெறும் சான்றிதழில் கிடைக்காது. அடுத்த கதையில் அவர் கடைசி வரி எழுதும்போது கை ஒரு நிமிஷம் நிற்கும். இன்னொருவர், 'பேருந்தில் கூட்டமா இல்லையா என்று தெரியவில்லை, கூட்டமாக இருந்தால்தானே காலி இருக்கைக்கு மதிப்பு' என்று கேட்கலாம். அதுவும் நியாயம்தான். மூன்று வார்த்தையில் சரிசெய்துவிடலாம்.

வெறும் பரிசுப் பட்டியல் வேறொரு கெடுதலையும் செய்கிறது. கடைசி வரித் திருப்பம் உள்ள கதைக்கு இரண்டு தடவை பரிசு போய்விட்டால், மூன்றாவது தடவை வருகிற கதை எல்லாமே திருப்பமாகத்தான் வரும். பேசிக்கொண்டிருந்தவள் பேய், காத்திருந்தவன் நாய், எல்லாம் கனவு. ஏன் பரிசு கொடுத்தோம் என்று நடுவர் சொல்லாததால், 'திருப்பம் வைத்தால் ஜெயிக்கலாம்' என்று நாங்களே முடிவு கட்டிக்கொள்கிறோம். கதையில் ஒரு மனிதர் வேண்டும், அவருக்கு ஏதோ ஒன்று மாற வேண்டும், சொல்லாமல் விட்டதை வாசகர் தானே நிரப்பிக்கொள்ள இடம் வேண்டும் என்றெல்லாம் நீங்களே உங்கள் தேர்வுக்குக் காரணமாக எழுதினால், அடுத்த முறை வரும் கதைகளின் ருசியே மாறும்.

இந்த வடிவமே விளையாட்டிலும் நட்பிலும் வளர்ந்ததுதான். சரியாக 100 வார்த்தையில் எழுதும் 'டிராபிள்' 1980களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக அறிவியல் புனைகதைச் சங்கத்தில் பிறந்தது. 55 வார்த்தைக் கதை, கலிஃபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரின் 'நியூ டைம்ஸ்' வாரப் பத்திரிகை 1987-இல் தொடங்கிய போட்டியால் பரவியது. குவாத்தமாலா எழுத்தாளர் அகுஸ்தோ மொந்தெர்ரோசோ 1959-இல் வெளியிட்ட ஒரு கதை ஸ்பானிய மொழியில் மொத்தம் 7 வார்த்தை. அதற்கு இது பொருளா அது பொருளா என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச ஆள் இருந்ததால்தானே அந்த 7 வார்த்தை இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது!

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போட்டி அறிவிப்புகளில் 'விற்பனைக்கு: குழந்தைக் காலணிகள், ஒருமுறைகூட அணியாதவை' என்று வரும், ஆங்கிலத்தில் 6 வார்த்தையுள்ள அந்தக் கதையை அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே பெயரில் போடுகிறீர்கள். அவர் எழுதியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அவர் சிறுவனாக இருந்த காலத்திலேயே அதே சாயலில் பத்திரிகைகளில் வந்திருக்கிறது, அவர் பெயரோடு அது அச்சில் ஒட்டிக்கொண்டது அவர் 1961-இல் இறந்து பல வருஷங்கள் கழித்துத்தான். கதை நல்ல கதை, பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். 'யார் படிப்பார்கள், யாருக்கு நேரம் இருக்கிறது' என்பீர்கள். கதை அனுப்புகிறவர்தான் படிக்க வேண்டும். வந்த கதைகளுக்கு எண் போடுங்கள். 1-ஆம் கதை எழுதியவர் 2, 3, 4 ஆகியவற்றைப் படிக்கட்டும், 2-ஆம் கதைக்காரர் 3, 4, 5, கடைசியில் இருப்பவர் திரும்ப 1-லிருந்து. எல்லோருக்கும் மூன்று வாசகர்கள் கிடைத்துவிடுவார்கள், யாரும் விடுபட மாட்டார்கள். அது முடியும் வரை எழுதியவர் பெயர் வெளியே தெரியக் கூடாது, இது முக்கியம், பெயர் தெரிந்தால் மூத்தவர்களுக்கு 'அருமை'யும் புதியவர்களுக்கு அறிவுரையும்தான் போகும். எழுத வேண்டியது இரண்டே விஷயம்: எந்த வரி மனதில் நின்றது, எந்த இடத்தில் கதை கையைவிட்டுப் போனது. 'சூப்பர்', 'வாழ்த்துகள்' எல்லாம் முடிவு வந்த பிறகு தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். படித்து எழுதாதவரின் கதையைப் பரிசுக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று விதியிலேயே போட்டுவிடுங்கள், ஒருவரும் தவற விட மாட்டார்கள்.

விதி என்றதும் வார்த்தை எண்ணிக்கை ஞாபகம் வருகிறது. தமிழில் இது பெரிய தலைவலி. 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதினால் ஒன்று, 'வந்து கொண்டிருந்தான்' என்று பிரித்தால் இரண்டு. இடைவெளியை வைத்து எண்ணும் கணினிக்கு இலக்கணம் தெரியாது. 55 வார்த்தைக் கதையில் இப்படி ஏழெட்டு இடம் வந்தால், சேர்த்து எழுதுகிறவருக்கு ஒரு முழு வாக்கியமே கூடுதலாகக் கிடைத்துவிடுகிறது. சிலர் இதற்காகவே வாசிக்க முடியாத நீளத்துக்கு வார்த்தைகளைக் கோத்துவிடுகிறார்கள். 'இடைவெளியை வைத்துத்தான் எண்ணுவோம், ஐந்தாறு வார்த்தை கூடினால் தள்ள மாட்டோம், தலைப்பு கணக்கில் வராது' என்று முன்பே சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும். ஒரு வார்த்தை கூடியதற்காக ஒரு நல்ல கதையைப் படிக்காமலே தள்ளுவது, நட்புக்காக நடத்தும் போட்டிக்கு அழகில்லை.

அப்புறம், 'அனுப்பிய கதைகள் எங்களுக்கே சொந்தம்' என்ற வரியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பரிசு பெறாத கதையைத் திருத்தி வேறெங்காவது அனுப்ப எழுதியவருக்கு முழு உரிமை இருக்க வேண்டும், அதற்குத்தானே அந்த மூன்று பேரின் கருத்தும்.

இவ்வளவையும் செய்ய ஆள் வேண்டும் என்று எனக்கும் தெரியும். அடுத்த தலைப்பை அறிவிக்கும்போது என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதைகளுக்கு எண் போடுவது, பெயரை மறைத்து அனுப்புவது, கருத்து எழுதாமல் இழுத்தடிப்பவர்களுக்கு நினைவூட்டுவது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த முறை என் கதையைப் பரிசுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம், மூன்று பேர் படித்துவிட்டுச் சொன்னால் போதும்.

அன்புடன்,
உங்கள் போட்டிகளில் கலந்துகொள்ளும் ஒருத்தி