டான்சில் ஆபரேஷன்: வீட்டுக்குப் போன பின்தான் கவனம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) அகற்றுவது பற்றித் தங்கள் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரை ஆபரேஷனோடு முடிந்துவிட்டது. காது மூக்கு தொண்டை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்குப் பிறகு நடப்பதைப் பெற்றோர் அறிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் கசிந்தால் கவனிக்க அருகில் ஆள் உண்டு. புண்மேல் படிந்த படலம் உதிரும்போது மறுபடி ரத்தம் வரலாம். பெரும்பாலும் அது 5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள். பிள்ளை விளையாடத் தொடங்கி, வீட்டார் கவலையை விட்டிருக்கும் நேரம் அது. தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் அது கசியும் ரத்தமாக இருக்கலாம்; எழுப்பி, டார்ச் அடித்துத் தொண்டையைப் பாருங்கள். சிவப்பாகத் துப்பினாலும், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

அந்த வெள்ளைப் படலத்தைச் சீழ் என்று பயந்து துணியால் துடைத்துவிட்ட பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தொடாதீர்கள், புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும். வாய் நாற்றமும் சில நாள் இருக்கும். காது வலிக்கிறது என்று பிள்ளை அழுதால் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம். தொண்டைக்குப் போகும் நரம்பின் கிளை காதுக்கும் போவதால் வரும் வலி அது.

வலிக்குப் பயந்து பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காது. குடிக்காவிட்டால் தொண்டை காய்ந்து வலி இன்னும் கூடும். டாக்டர் எழுதிய பாரசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்து, வலி சற்று அடங்கியதும் ஆறிய கஞ்சி, இளநீர், மோர் கொடுங்கள். ஐஸ்கிரீமும் கொடுக்கலாம், சளி பிடிக்கும் என்று தடுக்க வேண்டாம். முறுக்கு, அப்பளம் மட்டும் கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்தைத் தொடவே கூடாது. சில பிள்ளைகளின் உடல் கோடீனை வேகமாக மார்ஃபின் என்ற வீரியமான வலி மருந்தாக மாற்றிவிடும்; மூச்சே அடங்கிப்போகலாம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கோடீன் தருவதற்கு எதிராக 2013-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாக எச்சரித்தது.

இதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்று அவசரமாகச் சொல்லி, ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். நடுராத்திரியில் பிள்ளை வாந்தி எடுக்கும்போது அந்தத் தாளை அம்மாவால் படிக்க முடிவதில்லை. தமிழில் அரைப் பக்கம் அச்சடித்து, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணை மேலே பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு மருத்துவமனையும் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
திருநெல்வேலி.