கைகாட்டியையும் சேர்த்து எடு

ராமநாதபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. அம்மா போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லா ரயிலும் ஒரே மாதிரிதான் இருக்கு. இவ எங்க நிக்கிறா, சாப்பிட்டாளா, அது ஒண்ணுலயும் தெரியலையே" என்றாள். நான் கணினியில் போட்டு, பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தேன். சனிக்கிழமை ஆனால் காலையில் கிளம்பிப் போய் எங்காவது நின்று ரயிலைப் படம் பிடித்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பும் கிறுக்கு உனக்கும் வந்துவிட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். இந்த வயதில் இவர் ஏன் வெயிலில் அலைகிறார் என்று கேட்கிறவர்களிடம், பர்மிங்காமில் என் மகளும் இதைத்தான் செய்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆனால் அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. படம் துல்லியமாக விழுந்திருக்கிறது, எஞ்சின் முகம் முழுசாக இருக்கிறது, நம்பரைக்கூடப் படிக்க முடிகிறது. எந்த ஊர் என்று மட்டும் தெரியவில்லை. சிக்னலையும் சேர்த்து எடு, பாப்பா. இதை வாட்ஸப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் தாத்தா உச்சிப்புளி ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலை எப்படி இருந்தது என்பது தெரிந்திருக்காது. பொழுது சாய்வதற்கு முன்னால் சிக்னல் விளக்குகளைத் திண்ணையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருவார். பழைய வேட்டித் துணியால் புகைக்கரியைத் துடைத்து, திரியின் கருகிய நுனியைக் கத்தரித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, பற்றவைத்து, தண்டவாளத்து ஓரமாகவே தூக்கிக்கொண்டு நடப்பார். கைகாட்டி என்பது கை போன்ற பலகை பொருத்திய பழைய சிக்னல் மரம்; கை நேராக நீட்டியிருந்தால் ரயில் நிற்க வேண்டும், இறங்கினால் வரலாம். அந்த மரத்தின் இரும்பு ஏணியில் ஏறி விளக்கை அதற்கான கூட்டில் மாட்டிவிட்டு இறங்குவார். நான் பின்னாலேயே போவேன். ஏணியில் ஒரு படிகூட ஏற விடமாட்டார்.

கையோடு சேர்ந்த சட்டத்தில் இரண்டு கண்ணாடி இருக்கும், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பச்சைக் கண்ணாடி என்று பேர்தானே தவிர, கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் நீலம் பாரித்திருக்கும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் அல்லவா, அந்த மஞ்சள் நீலக் கண்ணாடி வழியாக வரும்போதுதான் டிரைவர் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். விளக்கின் பின்பக்கம் ஒரு சின்னத் துவாரம் இருக்கும். கை நேராக நீட்டியிருக்கும்போது அதன் வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் ஸ்டேஷன் பக்கம் தெரியும். ராத்திரியில் அந்தப் பொட்டு தெரிந்தால் விளக்கு எரிகிறது, கை சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அது அணைந்துவிட்டால் தாத்தா மறுபடியும் நடக்க வேண்டும். நள்ளிரவானாலும் நடந்தார். அப்பத்தா புலம்பிக்கொண்டே அரிக்கேன் விளக்கை எடுத்துக் கொடுப்பாள்.

பகலில் கைகாட்டி ஊருக்கே பொது. சிக்னல் கேபினில் லீவரை இழுத்தால், தண்டவாளத்து ஓரமாகச் சின்னச் சின்னக் கப்பிகளின் மேல் ஓடும் கம்பி விறைக்கும்; அங்கே தூரத்தில் கை சரிந்து இறங்கும். "கைகாட்டி விழுந்துருச்சு" என்று யாராவது ஒரு சத்தம் கொடுத்தால் போதும், டீக்கடையில் பாதி கிளாஸை வைத்துவிட்டு ஓடுவார்கள், மீன்கூடைக்காரிகள் சும்மாட்டைச் சரிசெய்வார்கள், ஆடு மேய்க்கிறவன் தண்டவாளத்திலிருந்து ஆட்டை ஓட்டுவான். யாரிடமும் கடிகாரம் கிடையாது. வெயில் காலத்தில் கம்பி நீண்டு தொய்ந்துவிடும், கை பாதிதான் இறங்கும். உடனே முறுக்கி இறுக்கியாக வேண்டும். கம்பி அறுந்தே போனாலும் பயமில்லை. மரத்தில் இருக்கும் எதிர் எடை, கையைத் தானாக நீட்டி ரயிலை நிறுத்தச் சொல்லிவிடும். கெட்டுப்போனால் ஆபத்து இல்லாத பக்கமாகத்தான் கெட வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. எனக்கு அதில் இன்றைக்கும் மதிப்பு உண்டு.

இப்போது நம் பாதையில் கைகாட்டி இல்லை. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தது. 2007-இல் பாம்பன் பாலத்திலும் அகலப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. விளக்கு சிக்னல்கள் வந்துவிட்டன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஏணியில் ஏறுகிற வேலை ஒருவருக்கு மிச்சம். ஆனால் படம் எடுக்கிறவனுக்கு அதில் ஒரு தொந்தரவு. அந்த வெளிச்சத்தை டிரைவர் கண்ணுக்கு நேராகப் பார்த்துக் குவித்து வைத்திருக்கிறார்கள். நாம் பிளாட்பார ஓரத்திலிருந்து எடுத்தால் விளக்கு செத்துப்போன மாதிரி கறுப்பாகத்தான் விழும். வாலாந்தரவையில் இதற்காகவே ஒரு காலை முழுக்க இடம் மாறி மாறி நின்றேன். பாதை வளைகிற இடத்தில், பிளாட்பாரத்தின் கடைசியில் நின்றால் ஓரளவு கிடைக்கும்.

உனக்கு அந்தத் தொந்தரவு இல்லை, அதுதான் எனக்குப் பொறாமை. நீ இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஷ்ரூஸ்பரி போய்விடலாம். பிளாட்பாரக் கடைசியிலிருந்து பார்த்தாலே செவர்ன் பிரிட்ஜ் ஜங்ஷன் சிக்னல் கேபின் தெரியும். 1903-இல் கட்டியது, 180 லீவர் கொண்ட சட்டம். இன்னும் வேலை பார்க்கிற கையிழுப்பு கேபின்களில் உலகத்திலேயே பெரியது அதுதான். உச்சிப்புளியில் இருந்ததைக் கையில் எண்ணிவிடலாம். தாத்தா அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். "இத்தனைக்கும் எண்ணெய் போடுறவன் யாருப்பா?" என்றுதான் கேட்டிருப்பார்.

இன்னொரு சனிக்கிழமை கிடர்மின்ஸ்டர் போ. அங்கிருந்து பிரிட்ஜ்நார்த் வரை 16 மைல், செவர்ன் வேலி ரயில்வே. நிலக்கரி எஞ்சின் ஓடுகிறது என்று கூட்டம் எல்லாம் எஞ்சினைச் சுற்றி நிற்கும். நீ கொஞ்சம் ஒதுங்கி நின்று கையைக் கவனி. பழைய கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி கடைசி வரைக்கும் கீழே இறங்கும் கையையே வைத்துக்கொண்டது. மற்ற பெரிய கம்பெனிகள் 1920-களிலிருந்து மேலே ஏறும் கைக்கு மாறின. நம் ஊரில் இரண்டும் இருந்தன. சிவப்புக் கையில் வெள்ளைப் பட்டை இருந்தால் அது நிற்க வேண்டிய சிக்னல். மஞ்சள் கை, நுனி மீன்வால் போல வெட்டியிருந்தால், அது முன்கூட்டியே எச்சரிப்பது. அடுத்த சிக்னல் எப்படி இருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்லும். ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மட்டும் வழிவிடும் அடையாளமான டோக்கனைக் கைமாற்றுவதையும் அங்கே பார்க்கலாம். இங்கே பிரம்பு வளையத்தில் தோல்பை கட்டி, அதற்குள் இரும்புப் பந்தைப் போட்டு, ஓடுகிற எஞ்சினிலிருக்கிறவர் கையில் மாட்டும்படி நீட்டுவார்கள். தாத்தாவின் முழங்கையில் இருந்த தழும்பு அந்த வளையம் கொடுத்தது.

எடுக்கும் முறை பற்றி இரண்டு வார்த்தை. கை இறங்கினால் ரயில் வரப்போகிறது. அந்த அவகாசத்தில் பதறாமல் வெளிச்சத்தைச் சரிபார். ஷட்டர் ஐநூறில் ஒன்றுக்குக் குறையாமல் வை. தூரத்து லென்ஸில் எடுத்தால் கைகாட்டியும் எஞ்சினும் நெருங்கி நிற்கும், அது நல்லது. கையின் பின்னால் மரக்கிளை வராமல் வானம் வருகிற மாதிரி உட்காரவோ குனியவோ தயங்காதே. அப்புறம் அந்த லீவர் இழுக்கிறவர், கேபின் ஜன்னலில் வைத்திருக்கும் பூந்தொட்டி, பிளாட்பாரத்தில் டீ குடிக்கிற கிழவர், யாராவது ஒருவர் படத்துக்குள் இருக்கட்டும். ஆள் எடுக்க வேண்டாம் என்றால் நிமிர்ந்து பார்த்துச் சொல்லிவிடுவார், தலையாட்டினால் எடு. பிளாட்பாரத்தில் ஃபிளாஷ் போடக் கூடாது, மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்று நீயே எழுதியிருந்தாய். சரி, அதில் எனக்குக் கவலை இல்லை. இங்கேதான் பிள்ளைகள் தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. சொன்னால் சிரிக்கிறார்கள்.

நான் போன வாரம் பாம்பனுக்குப் போய் வந்தேன். விடிகாலை பஸ், கையில் அம்மா கட்டிக் கொடுத்த இட்லி. ரோட்டுப் பாலத்தில் நின்றால் ரயில் பாலம் பக்கத்திலேயே தெரியும். 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் ஓடுகிறது. பழையதன் நடுவில் கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் என்ற வகைத் தூக்குப்பாலத்தை ஆட்கள் கூடி நின்று சுற்றித்தான் திறந்தார்கள். இரண்டு பக்கமும் கை விரித்து எழுந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மட்டமாக 17 மீட்டர் உயரம் மேலே போகிறது, எல்லாம் மின்மோட்டார். நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு என்னமோ பழையதுதான் படத்துக்கு அழகு.

சென்னையிலிருந்து வரும் ராத்திரி வண்டி காலையில் மண்டபத்தைத் தாண்டி ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது சூரியன் எதிரே இருக்கும். எஞ்சின் முகம் முழுக்க வெயில் விழும். சாயங்காலம் ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் வண்டிக்கும் அதே யோகம். மத்தியானம் போனால் ஒன்றும் கிடைக்காது, கானல்தான். உப்புக்காற்றில் லென்ஸ் மேல் வெள்ளையாகப் படியும். அதை உலர்ந்த துணியால் தேய்க்காதே, கீறிவிடும். லேசாக ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்த படம் பழைய பாலத்துக் காலத்தில் மண்டபம் ஸ்டேஷனில் எடுத்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தில் போக வண்டிக்கு அனுமதி கிடையாது. அன்றைக்கு வண்டி நின்றுவிட்டது. படத்தில் முன்னால் சிவப்பு விளக்கு. அதைப் பார்த்துக்கொண்டு ஜன்னலில் கையை ஊன்றி நிற்கும் டிரைவர். கீழே பிளாட்பாரத்தில் கோயிலுக்குப் போகிற வடநாட்டுக் கூட்டம் துணியைக் கையால் பிடித்தபடி கடலை வாங்குகிறது. எஞ்சின் பாதிதான் விழுந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தால் கடல் எந்தப் பக்கம் என்றுகூட இந்த ஊர்க்காரன் சொல்லிவிடுவான். நான் கேட்பது அந்த மாதிரி ஒன்று.

போன வாரம் பாம்பனில் நேரம் இருந்ததால் அப்படியே தனுஷ்கோடி வரை போனேன். ஸ்டேஷன் சுவரில் மிச்சம் இருப்பதைச் சுற்றிச் சங்கும் பாசியும் விற்கிறார்கள். 1964 டிசம்பர் 22 புயல் ராத்திரி, பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ஸ்டேஷனை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல் விளக்கு தெரியாமல் இருட்டில் நின்றது, டிரைவர் நீளமாக விசில் கொடுத்துப் பார்த்துவிட்டு மெல்ல நகர்த்தினார், அதற்குள் அலை வந்துவிட்டது என்று இன்றும் இங்கே சொல்வார்கள். வண்டியோடு போனவர்கள் யாரும் திரும்பவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடி வரைக்கும் பாதை மறுபடி வரவே இல்லை. தாத்தா அந்த ராத்திரியைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் அதற்குப் பிறகு புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னாலே, மணி என்ன ஆனாலும் விளக்குகளை ஒரு தரம் பார்த்துவிட்டு வருவார் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறாள். அங்கே நான் படம் எடுக்கவில்லை. சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ் ஏறினேன்.

நீ தை மாதம் வருவதாகச் சொன்னாயே, லீவு கிடைத்ததா? அப்போது வெயில் தாழ்ந்திருக்கும், வானம் கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருக்கும். மாப்பிள்ளைக்கும் காலையில் எழுகிற பழக்கம் வரட்டும். வழியில் திருச்சியில் இறங்கி ரயில் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரலாம். ஷ்ரூஸ்பரி படங்களைச் சுருக்காமல் மெயிலில் அனுப்பு. வாட்ஸப்பில் அனுப்பினால் கை எங்கே, கம்பி எங்கே என்று தெரியாது. அம்மா கருவாடு அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். அங்கே விமான நிலையத்தில் விடுவார்களா என்று விசாரித்துச் சொல், இல்லாவிட்டால் என்னைத்தான் பிடுங்கி எடுப்பாள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: தூரத்து லென்ஸ் புதிதாக வாங்க வேண்டாம். என்னுடையது வரும்போது எடுத்துக்கொள். ரோட்டுப் பாலத்தில் காற்றடிக்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது, சின்ன லென்ஸே போதும்.