சான்றிதழைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் தனியாக உடற்பயிற்சி வகுப்பு எடுப்பவர்களுக்குச் சமுதாயக்கூடங்களும் பள்ளி அரங்குகளும் பூங்காவில் ஒரு ஓரமும் மணிக்கணக்கு வாடகையில் கிடைக்க வேண்டும். கேட்டு வருகிறவரிடம் தகுதிச் சான்றிதழும் முதலுதவிச் சான்றிதழும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்கவே எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்குப் புதியவள். இந்த ஆண்டுதான் தேர்வு எழுதித் தேறினேன். அதற்கு முன் மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் பல வருடம் வேலை. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும்வரை நின்றபடியே இருப்போம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழகச் சட்டமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதைப் படித்த அன்று எங்கள் தளத்துப் பெண்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆனால் அதற்குள் பலருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டுவிட்டது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது போல வலி. தீபாவளி வியாபாரம் முடிந்தால் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கும் பயிற்சியை மதியம் கூட்டமில்லாத நேரத்தில் நாங்களே செய்ய ஆரம்பித்தோம். வலி குறைகிறது என்று தெரிந்த பிறகு, இதை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு விடவே இல்லை. அந்தப் பெண்கள்தான் இப்போது என் வகுப்புக்கும் முதலில் வந்தவர்கள்.

பயிற்சியாளர் என்று பெயர்ப்பலகை வைக்க நம் நாட்டில் எந்தத் தேர்வும் கட்டாயமில்லை. உடம்பு திரண்டிருந்தால் போதும், யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். நல்ல படிப்பு இல்லாமலும் இல்லை. 1920-இல் தொடங்கி, இப்போது சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. விளையாட்டு, உடற்கல்வி, உடற்தகுதித் துறைக்கென்று தேசிய அளவில் திறன் மன்றம் இருக்கிறது, அது சான்றிதழ் தருகிறது. வெளிநாட்டு அமைப்புகளான ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். போன்றவற்றின் சான்றிதழ்களை நம் ஊரிலிருந்தே படித்துப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முதலுதவிக்கான சான்றிதழும் இருந்தாக வேண்டும். நெஞ்சுக்கு நடுவில் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு, அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைத்திருக்க வேண்டும் என்று பொம்மையை வைத்துக் கை வலிக்க வலிக்கச் சொல்லித் தருவார்கள். ஒரு பயிற்சியாளர் இதைப் படித்தவரா என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் சேர வந்தவர்களில் ஒருவர்கூடச் சான்றிதழைக் காட்டச் சொன்னதில்லை. நானாக எடுத்துக் காட்டினால், "அதெல்லாம் எதுக்கும்மா, உங்களப் பார்த்தாலே தெரியுதே" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் அவர்கள் கேட்க வேண்டும்.

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். அன்று காலையில் உடற்பயிற்சி செய்தார் என்ற செய்தி வந்ததும் இங்கே எத்தனையோ வீடுகளில் "ஜிம்முக்கெல்லாம் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். பயப்படுவது இயல்புதான். அதற்காகப் பயிற்சியையே விட்டுவிட வேண்டியதில்லை, தொடங்குவதற்கு முன் சரியான கேள்விகளைக் கேட்டால் போதும். அதற்கென்றே உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. இதய நோயோ ரத்த அழுத்தமோ இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா, சும்மா இருக்கும்போதோ வேலை செய்யும்போதோ நெஞ்சு வலிக்கிறதா, ஒரு வருடத்துக்குள் தலைசுற்றி விழுந்ததுண்டா, மூட்டில் எலும்பில் தொந்தரவு உண்டா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று போகும். ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும், தேவையானால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

இந்தப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் மட்டும் வேலை முடியாது. நம் ஊர்ப் பெண்களிடம் "உங்களுக்கு பிபி இருக்கா?" என்றால் "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். "காலைல என்ன மாத்திரை போடுறீங்க அக்கா?" என்று கேட்டால்தான் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டுவார்கள். அதில் பிபி மாத்திரையும் இருக்கும், சர்க்கரை மாத்திரையும் இருக்கும். மாத்திரை போட்டால் நோய் இல்லை என்று அவர்கள் கணக்கு. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஐந்தரை மணிக்கு வகுப்புக்கு வந்தவருக்கு நடுவில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் அது களைப்பாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம். என் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலமும் தண்ணீரும் இருக்கும். மூன்று டீஸ்பூன் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அவசரத்துக்குக் கடலை மிட்டாய் உதவாது, கடலையில் இருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற விடும். இப்படிப்பட்ட விஷயங்களைத் தெரிந்தவர்தான் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்து 2023-இல் வெளிவந்த ஆய்வு நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று சொன்னது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது அந்தக் கணக்கில் இருப்பார்.

நடைப்பயிற்சியில் மதுரைக்காரர்களுக்குக் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், வண்டியூர்க் கண்மாய்க் கரையில் எவ்வளவு கூட்டம்! பௌர்ணமிக்குத் திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றுகிற அம்மாக்கள் என்னைவிட வேகமாக நடப்பார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற பயிற்சியோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்றிருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் தடுமாறி விழாமலிருக்க, சமநிலைப் பயிற்சியும் சேர்த்து வாரத்தில் மூன்று நாள் செய்ய வேண்டும். நடக்கிறவர்களிடம் இது இல்லை. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்று ஐம்பது வயதிலேயே சொல்கிறார்கள். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்கி, பழகப் பழகப் பஸ்கிக்குப் போகலாம். சுவரில் கையை ஊன்றித் தண்டால் எடுக்கலாம். ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகு வளையாமல் தரையிலிருந்து தூக்கக் கற்றுக்கொண்டால், வீட்டில் கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது இடுப்பு பிடிக்காது. மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு அவ்வளவுதான்.

அப்புறம் இடம். என் வேலையில் பெரும்பாடு அதுதான்.

பெரிய ஜிம்முக்கு என்னிடம் வரும் பெண்கள் போக மாட்டார்கள். ஆண்கள் நடுவில் சுடிதாரோடு நின்று பஸ்கி எடுக்க அவர்களுக்குக் கூச்சம், மாதக் கட்டணமும் கட்டுப்படியாகாது. நான் வாங்குவது மாதம் 600 ரூபாய், அதையும் இரண்டு தவணையாகத் தருகிறவர்கள் உண்டு. ஏப்ரல், மே மாதத்தில் ஏழு மணிக்கு மேல் வெட்டவெளியில் வகுப்பு வைக்க முடியாது, வெயில் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. பெண்கள் பலருக்கு ஓய்வு கிடைப்பதோ காலை பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் பள்ளிக்கும் வீட்டுக்காரர் வேலைக்கும் போன பிறகு. அந்த நேரத்துக்கு நிழலும் மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள ஒரு கூடம் வேண்டும். மொட்டைமாடி கொடுத்தார்கள், கீழ்வீட்டில் சத்தம் கேட்கிறது என்று புகார் வந்ததும் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஒரு சமுதாயக்கூடத்தில் கேட்டேன். முகூர்த்த நாள் தவிர அது காலியாகத்தான் கிடக்கிறது, ஆனாலும் வாடகை முழு நாளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாண வாடகையைக் கட்டி ஒரு மணி நேரம் பயிற்சி நடத்துவது எப்படி? பூங்கா ஒன்றில் ஓரமாகப் பாயை விரித்தோம். முதலில் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு அனுமதி வாங்கி வா என்றார்கள். யாரிடம், எந்தப் படிவத்தில், எவ்வளவு கட்டணம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. காசு கட்டி ரசீது வாங்கத் தயாராக வந்தவளை அலையவிட்டால், அடுத்து வருகிறவர்கள் கேட்காமலே பாயை விரித்துவிடுவார்கள்.

பூங்கா எல்லாருக்கும் பொது, அங்கே தொழில் நடத்தலாமா என்று வாசகர்கள் கேட்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி. விடியற்காலையில் ஸ்பீக்கரை அலறவிட்டு நடப்பவர்களின் நிம்மதியைக் கெடுக்கும் வகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. அதனால் வகுப்புக்கு இத்தனை பேர்தான், ஸ்பீக்கர் கூடாது, நடைபாதையை மறிக்கக் கூடாது, குழந்தைகள் விளையாடும் இடத்தைத் தொடக் கூடாது என்று உள்ளாட்சி நிர்வாகம் எழுதி மாட்டட்டும். மீறினால் அனுமதி ரத்து. ஆஸ்திரேலியாவில் பல ஊர்களின் உள்ளாட்சி மன்றங்கள் பூங்காவில் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அனுமதியும் கட்டணமும் வைத்திருக்கின்றன. தகுதிச் சான்றும் காப்பீடும் இருந்தால்தான் அங்கே அனுமதி. நம் உள்ளாட்சிக்கும் இதில் வருமானம் உண்டு, பூட்டிக் கிடக்கும் கட்டடம் தூசி தட்டப்படும்.

கிராமங்களிலும் இதே கதைதான். 2016-க்குப் பிறகு ஊராட்சிகளில் அரசு செலவில் உடற்பயிற்சிக் கூடங்களும் பூங்காக்களும் கட்டினார்கள். நல்ல திட்டம். என் அம்மா ஊருக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. சாவி ஒருவரிடம், சொல்லிக்கொடுக்க யாருமில்லை. அங்கே வாரத்தில் இரண்டு நாள் வந்து போக என்னைப் போல் புதிதாகத் தேறியவர்கள் எத்தனையோ பேர் தயாராக இருப்பார்கள். பெண்களுக்கு என்று தனி நேரம் ஒதுக்கினால் நூறு நாள் வேலைக்குப் போய்வரும் அக்காக்களும் வருவார்கள். சிலம்பம் சொல்லித்தரும் ஆசான்களுக்கும் யோகா ஆசிரியர்களுக்கும் அதே கூடத்தில் முறை வைத்துக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இடமில்லாத, வருமானம் நிலைக்காத பயிற்சியாளரைத் தேடி முதலில் வருகிறவர் புரதப் பவுடர் விற்பவர். நான் தேறிய செய்தி தெரிந்ததுமே வந்துவிட்டார். ஒரு டப்பாவுக்கு இவ்வளவு கமிஷன், ஊக்கப் பரிசு தனி என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். என்னிடம் வரும் பெண்களுக்கு முட்டையும் பயறும் சுண்டலும் தயிரும் போதும். பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிற இளைஞர்கள், டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்றாவது பாருங்கள். ஊசி என்று யாராவது பேச்செடுத்தால் அந்த ஜிம்மை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ரத்த அழுத்தம் இறங்கிய நோயாளிக்கு மருத்துவமனையில் போடுகிற மருந்தைப் பயிற்சிக்கு முன் ஏற்றிக்கொண்டு இதயத்தைக் கெடுத்துக்கொள்கிற பையன்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதுரையிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் எந்தக் கூடம் எந்த நேரத்தில் காலி, மணிக்கு என்ன வாடகை என்று ஒரு பட்டியலை உள்ளாட்சி நிர்வாகம் வாசலில் ஒட்டட்டும். கேட்கும் பயிற்சியாளரிடம் அடையாள அட்டை, தகுதிச் சான்றிதழ், காலாவதியாகாத முதலுதவிச் சான்றிதழ் மூன்றையும் வாங்கிப் பதிந்துகொள்ளட்டும். பதிந்தவரின் பெயரை அதே பலகையில் எழுதி வைத்தால், சேர வரும் பெண்கள் கேட்கத் தயங்கினாலும் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். முகூர்த்தமோ தேர்தல் வேலையோ வந்தால் எங்கள் நேரத்தை ரத்து செய்துகொள்ளட்டும், முதல் நாள் சொன்னால் போதும். எல்லாக் கூடத்திலும் உடனே செய்ய முடியாது என்றால், தெற்கு மதுரையில் ஒரே ஒரு கூடத்தில் காலை 10 முதல் 12 வரை மூன்று மாதம் நடத்திப் பார்க்கட்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அது தொடங்கினால் வகுப்பு தடைபடாது. சான்றிதழ் நகல்களோடும் முன்பணத்தோடும் வரிசையில் முதல் ஆளாக நிற்க நான் தயார்.

இப்படிக்கு,
உடற்பயிற்சியாளர் ஒருவர்,
வில்லாபுரம், மதுரை.