ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஆகாது

ஜோகன்னஸ்பர்க்
மே மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கே கத்திரி வெயில் கொளுத்தும். இங்கே குளிர் தொடங்குகிறது. ஊர் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிமழை அபூர்வம். ஆனால் விடியற்காலையில் ஊட்டிப் புல்லில் படிகிற மாதிரி வண்டிக் கண்ணாடியெல்லாம் உறைபனி. பட்டறைக்காரரான உங்களுக்கு இதைப் பற்றித்தானே கேட்கத் தோன்றும்!

முதல் வேலை ரேடியேட்டர். டர்பன் கடற்கரையில் உறைபனி கிடையாது. அங்கே வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி மலையேறி இந்தப் பக்கம் வந்தால் ஆபத்து. தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு 9 பங்கு பருக்கும். கடுங்குளிரில் என்ஜின் பிளாக்கே வெடித்துவிடும். தண்ணீரை உறையாமல் காக்கும் கூலன்ட் திரவம் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி என்று கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். கூலன்ட் கூடக்கூட நல்லது என்று நினைக்காதீர்கள். தண்ணீரே கலக்காத கூலன்ட் மைனஸ் 13-லேயே உறையும்! வகை மாற்றிக் கலந்தாலும் கொழகொழத்துக் குழாயை அடைக்கும்.

அடுத்தது பேட்டரி. குளிரில் அதன் வலு குறையும், அதே நேரம் ஆயிலும் கெட்டிப்படும். செல்ஃப் இழுக்காததற்கு இரண்டுமே காரணம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் ஒரு பாயிண்ட் (psi) குறையும். இந்த நாட்டுச் சட்டப்படி டயர் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் வரிகளின் ஆழம், 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஈர மலைச்சாலைக்கு அது போதவே போதாது.

உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். முந்தின இரவே பழைய போர்வையால் மூடுவதுதான் சுலபம். உள்ளே மூச்சுப்பனி படிந்தால் ஹீட்டரோடு ஏசியும் போட வேண்டும். கேட்க வேடிக்கைதான், ஆனால் ஏசிதான் ஈரத்தை உறிஞ்சும்.

டர்பன் போகும் என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் இருக்கிறது. 2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்த பிறகு, அங்கே பனி கொட்டி வண்டிகள் இரவெல்லாம் சிக்கிக்கொண்டன. அதனால் அந்த வழிக்கு டேங்கை நிரப்பி, கம்பளி, குடிதண்ணீர், டார்ச் எடுத்துப்போக வேண்டும். பனியில் மாட்டி என்ஜினை ஓடவிட்டால் சைலன்சர் வாயில் பனி அடைக்காமல் பார்க்க வேண்டும். அடைத்தால் விஷவாயு உள்ளே வரும்.

சித்தியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்